திருஷ்டிக்குக் கட்டிய ஜப்பான் முகம்

என் அறைக்குள் முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கட்டிலைப் பார்க்கிறார்கள், பீரோவைப் பார்க்கிறார்கள், அப்புறம் சுவரைப் பார்த்து ஓரடி பின்னால் நகர்கிறார்கள். அங்கே இரண்டு கொம்பும், காதுவரை கிழிந்த வாயும், தங்க நிறப் பல்லும், தங்க நிறக் கண்ணுமாக ஒரு முகம் தொங்குகிறது. மின்விசிறி சுற்றினால் லேசாகத் தலையாட்டும். "இதப் போயி படுக்கிற ரூம்ல மாட்டி வெச்சிருக்கீங்களே, பயமா இல்ல?" என்று கேட்பார்கள். "என்னைவிடவா பயமா இருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன்.

நான் ரயில்வேயில் முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறவள். காலையில் தட்கல் நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வது எனக்குத் தெரியும். மைக் இரண்டு பக்கமும் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. போகட்டும். ஃபாரத்தில் வயதை எழுதாமல் நீட்டிவிட்டு, பின்னால் நிற்கிறவரோடு அரசியல் பேசுகிற ஊரைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் சிரித்துக்கொண்டிருக்க முடியும்?

சுவரில் தொங்கும் அந்த முகத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதைச் செதுக்கியவருக்கும், அதைச் சாய்த்துக் கட்டிய கொத்தனாருக்கும், எல்லோருக்கும் மேலாக என் தம்பி மனைவிக்கும். அவளிடம் நேரில் சொன்னால் "சும்மா இருங்க அண்ணி" என்று எழுந்து போய்விடுவாள். அதனால் எழுதுகிறேன்.

தம்பி திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இன்ஜினியர். பயிற்சிக்காக அவனை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே அவனோடு சேர்ந்து வேலை பார்த்த ஒருவர் லீவு நாட்களில் மரத்தில் முகமூடி செதுக்குகிறவர். அந்த ஊரின் பழைய நாடகங்களில் நடிகர்கள் போட்டுக்கொள்ளும் முகமூடிகள். தம்பி கிளம்பும்போது, தான் செதுக்கியதில் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். இவனும் "தேங்க் யூ, தேங்க் யூ" என்று தலையாட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டான். இது யார் முகம், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் ஹாலில் பெட்டியைத் திறந்ததும் தம்பி மனைவி அலறினாள், அப்புறம் சிரித்தாள். "ஃபாரின்லேந்து சென்ட்டு, சாக்லேட்டுன்னு வாங்கிட்டு வருவாங்க. நீங்க பேயப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். பெட்டி பரண்மேல் போனது.

நான் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். அதற்குமுன் ஸ்ரீரங்கத்தில், சமையலறை ஜன்னலில் கோபுரம் தெரிகிற ஃபிளாட் ஒன்றில் எனக்கும் ஒரு வீடு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அது போதாமல், காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னொரு வீடும் இருந்தது. அங்கே இன்னொருத்தியும் இருந்தாள். இது வாட்ச்மேன் முதல் மேல்மாடி மாமிவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்த வண்டி எந்த ஊரில் நிற்கும் என்று ஊருக்கே சொல்கிறவளுக்கு, தன் வீட்டுக்காரர் எங்கே இறங்குகிறார் என்று தெரியவில்லை. தெரிந்த அன்றே இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. குக்கர் விசில் அடித்தால் கோபம். பால்காரர் மணி அடித்தால் கோபம். தம்பி எனக்காக டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தால், என்னைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய் என்று அதற்கும் கோபம். அவன் தன் வீட்டிலேயே பூனை மாதிரி நடக்கப் பழகிக்கொண்டான். அவன் மனைவி மட்டும் பயப்படவில்லை. கணவனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். நான் கத்தினால், கத்தி முடிக்கும்வரை கரண்டியோடு நின்றுவிட்டு, "ரசம் ஆறுது அண்ணி" என்பாள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருஷம்தான் காட்டூரில் தம்பியின் வீடு எழும்பியது. வீடு எழும்பினால் ஊர்க்கண் படும், அதற்கு முன்பக்கம் ஒரு கோர முகம் கட்ட வேண்டும். பூசணிக்காயில் மீசை வரைவார்கள், வைக்கோல் பொம்மைக்குப் பழைய சட்டை மாட்டுவார்கள், இல்லையென்றால் நாக்கு தொங்கும் பூத முகத்தைக் கடையில் வாங்குவார்கள். தளம் போட்டு முடித்ததும் கொத்தனார் இதை ஞாபகப்படுத்தினார். தம்பிக்கு உடனே பரண் ஞாபகம் வந்துவிட்டது. "வீட்லயே ஒண்ணு சும்மா கெடக்கு, எதுக்குக் கடைக்குப் போகணும்?" என்றான். கொத்தனார் முகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது போதும். எமனே யோசிச்சிட்டுத்தான் உள்ள வருவான்" என்றார்.

மேல் தளத்தில் நின்ற சாரக்கம்பில் அதைக் கட்டினார். நம் வீடுகளில் சாமி படத்தை உயரத்தில் மாட்டும்போது மேல்பக்கம் முன்னால் சாயும்படி விடுவோம், கீழே நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்று. அதே கைப்பழக்கத்தில் இந்த முகத்தையும் தெருவைப் பார்த்துச் சாய்த்துக் கட்டிவிட்டார். மறுநாளே எதிர்வீட்டு அம்மா கேட்டில் நின்று தம்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏங்க, உங்க பூதம் அழுவுதுங்களே!"

போய்ப் பார்த்தால் உண்மைதான். கையில் வைத்திருந்தபோது முறைத்த முகம், குனிந்ததும் அழுதது. புருவம் இறங்கி, கண் நிழலுக்குள் போய், யாரோ வீட்டுமேல் நின்று தெருவைப் பார்த்துத் தேம்புகிற மாதிரி இருந்தது. புது வீட்டில் அழுகிற முகமா என்று தம்பிக்கு மனசு கேட்கவில்லை. கொத்தனார் நிமிர்த்திக் கட்டினார், முகம் மறுபடி முறைத்தது. ஆனால் காற்றடித்தால் கயிறு நெகிழ்ந்து தலை தொங்கிவிடும், மீண்டும் அழ ஆரம்பித்துவிடும். டியூட்டி முடிந்து திரும்பும்போது நான் காட்டூரில் இறங்கி, சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். தெருமுனையிலிருந்தே அந்த முகம் தெரியும். "அழுமூஞ்சிய வெச்சிக்கிட்டு யாரை வெரட்டப் போறீங்க? நிமித்திக் கட்டுங்கய்யா!" என்று கீழே நின்று கத்துவேன். கொத்தனார் பாவம், என் சத்தம் கேட்டாலே கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே ஓடுவார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்க உப்பிலியபுரத்திலிருந்து பெரியப்பா வந்தார். அப்பா அம்மா இல்லாத எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர் அவர்தான். எங்கள் குடும்பத்தில் புது வீட்டில் முதல் பால் காய்ச்சுவது வீட்டுக்காரரின் அக்காவோ தங்கையோதான். பால் காய்ச்சியவள் அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அந்த வீட்டில் விருந்தாளி இல்லை, அவளுக்கும் அது சொந்த வீடு என்பார்கள். மாடியில் எனக்கென்று ஒரு அறையைத் தம்பி கட்டியிருந்தான். அந்தப் பாலைக் காய்ச்சிவிட்டு அந்த அறைக்குள் போவேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பால் காய்ச்ச உங்க சின்னம்மா பொண்ணைக் கூப்பிட்டுக்கலாம். நீ தப்பா எடுத்துக்காதம்மா. புது வீடு. புருஷனோட வாழறவ கை படறது நல்லது."

"ஏமாத்திட்டுப் போனவரு நல்லாத்தானே இருக்காரு. அவரையே கூப்பிட்டுக் காய்ச்சச் சொல்லுங்க பெரியப்பா" என்றேன். கையிலிருந்த டம்ளர் சுவரோரமாகப் போய் விழுந்தது. தானாக விழுந்துவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

தம்பி வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது. பால் காய்ச்சக்கூடாதவள் அந்த வீட்டில் குடியிருக்கவும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் விசாரித்தேன், கட்டில் காலியாக இருந்தது. விசேஷம் முடிந்ததும் போய்விடுவது என்று, வந்தபோது கொண்டுவந்த அதே இரண்டு பையில் துணியை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முகமூடி செதுக்கிய ஜப்பான்காரர் வேலை விஷயமாகத் தொழிற்சாலைக்கு வந்தார். விசேஷத்தன்று அவருக்கு விமானம் இருந்ததால், முதல் நாள் மத்தியானம் வீட்டைப் பார்க்கக் கூட்டி வந்தான் தம்பி. கார் தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் அவனுக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்திருக்கிறது. இறங்கினவன் என் பக்கத்தில் வந்து, "செத்தேன்க்கா" என்றான்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கம்போல் கயிறு நெகிழ்ந்து முகம் அழுதுகொண்டிருந்தது. கன்னத்தில் சிமெண்ட் தெறித்திருந்தது, ஒரு கொம்பில் காக்கை எச்சம். தம்பி வேர்த்து வழிந்துகொண்டே திருஷ்டி என்றால் என்ன என்று இங்கிலீஷில் விளக்கினான். கேட்டு முடித்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரிலும் கூரை ஓடுகளில் கெட்டதை விரட்டப் பூத முகம் வைப்பார்களாம். "ஆனா இது அந்த முகம் இல்லைங்கறாரு" என்றான் தம்பி. "இது பூதமே இல்லையாம். ஒரு பொம்பளையாம்."

நாங்கள் நாலு பேரும் மாடிக்குப் போனோம். அவர் முகத்தை அவிழ்ப்பதற்கு முன் அதற்கு ஒரு முறை தலை வணங்கினார். நடிகர்களும் போட்டுக்கொள்ளும் முன் அப்படித்தான் வணங்குவார்களாம். பிறகு அவர் சொல்லச் சொல்லத் தம்பி தமிழில் சொன்னான். ஒருவனை நம்பி, அவனால் கைவிடப்பட்ட பெண் இவள். துக்கமும் பொறாமையும் தாங்காமல் கொம்பு முளைத்துவிட்டது. பெரிய இடத்துப் பெண் என்பதால் முகம் வெளுப்பு. நடிகர் குனிந்தால் அழுவாள், நிமிர்ந்தால் சீறுவாள், மரம் ஒன்றுதான். அவர் முகத்தைக் கையில் ஏந்தி மெதுவாகச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது.

"ஏமாத்தினவனுக்கு எப்பக் கொம்பு முளைக்குமாம்? கேட்டுச் சொல்லு" என்றேன்.

தம்பி தயங்கினான். "கேளுங்க, எனக்கும் தெரியணும்" என்றாள் அவன் மனைவி. கேட்டான். அந்த மனிதர் நன்றாக யோசித்தார். ஆண் பூதங்களின் முகமூடிகளும் உண்டாம், ஆனால் அவை பிறவியிலேயே பூதங்களாம். இந்தக் காரணத்துக்காகக் கொம்பு முளைப்பது பெண்ணுக்குத்தானாம். இதை யார் போட்டு நடிப்பார்கள் என்று கேட்டேன். காலம் காலமாக ஆண்கள்தானாம், இப்போதுதான் சில பெண்களும் வருகிறார்களாம்.

"நல்லா இருக்குய்யா உங்க ஊர் நியாயம்! கொம்பு எங்களுக்கு, கைதட்டல் உங்களுக்கா?" என்றேன். இதைத் தம்பி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் இந்த விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்ட ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

அப்புறம் முகமூடியின் காதைக் காட்டினார். இந்த மாதிரி முகங்களில் மூன்று நிலை உண்டாம். முதலில் கொம்பு அப்போதுதான் எட்டிப் பார்க்கும். இது நடு நிலை. கடைசியில் அவள் பாம்பாகவே ஆகிவிடுவாள், அந்த முகத்துக்குக் காது இருக்காது. யார் என்ன சொன்னாலும் அதற்குப் பிறகு உள்ளே போகாது. இவளுக்குக் காது இருக்கிறது. நாடகத்தில் துறவி ஒருவர் ஓதுவது இவள் காதில் விழுந்துதான் ஆத்திரம் அடங்குகிறதாம்.

முகத்தைத் துடைத்துத் தருகிறேன் என்று தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள். முந்தானையால் வாய்ப் பக்கத்தை மூடித் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இங்க பாருங்களேன். வாயை மூடினா நிமிர்ந்தாலும் அழறா" என்றாள். பல்லும் கோரமும் மறைந்து, கண்ணும் புருவமும் மட்டும் தெரிந்தன. அந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுதான், அதுதான் என்றார். கோபம் எல்லாம் வாயில், துக்கம் எல்லாம் கண்ணில், இரண்டையும் ஒரே மரத்தில் கொண்டுவருவதுதான் கஷ்டமாம். சிமெண்ட் கறையை மட்டும் சுரண்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். விசேஷம் முடியும்வரை அவள் காவல் இருக்கட்டும் என்று சொல்லி, அவரே முகத்தை நேராக வைத்துக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் ஹோமம் முடிந்தது, பசு மாடு வீட்டைச் சுற்றி வந்தது. அடுப்பு தயாராக இருந்தது. சின்னம்மா மகள் பட்டுப்புடவையில் பால் பாத்திரத்தோடு நின்றாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவி மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணி."

"சின்னம்மா பொண்ணு இருக்காள்ல, காய்ச்சட்டும்."

"எப்படிக் காய்ச்சுவா? தீப்பெட்டிய நான்ல எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

எனக்கு வந்ததே கோபம். பெரியவர்கள் முன்னால் இதென்ன விளையாட்டு, நல்ல நேரம் தாண்டினால் யார் பழி சுமப்பது, உனக்கு மூளை இருக்கிறதா, எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம், இப்படி வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ரசக் கரண்டியோடு காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள். நான் முடிப்பதாகத் தெரியவில்லை. ஓரடி முன்னால் வந்து, சந்தனமும் மஞ்சளும் அப்பிய உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டு என் கண்ணைப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுது" என்றாள்.

என்ன தெரிகிறது என்று கேட்கலாமென்றால் வாய் அவள் கைக்குள் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிய நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. விரல் வழியாகக் கண்ணீர் ஓடி அவள் பட்டுப்புடவையில் சொட்டியது. அழுது ஓய்ந்ததும், "காது இருக்குல்ல அண்ணி? சொன்னாக் கேளுங்க. வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

படிக்கட்டின் கீழே தம்பி நின்றான். "பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்க்கா. நீ காய்ச்சாம இந்த வீட்ல நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

பாலைக் காய்ச்சினேன். நன்றாகவே பொங்கி வழிந்தது. முதல் டம்ளரைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். என் வீங்கிய கண்ணைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். சொட்டு விடாமல் குடித்தார்.

வெயில் ஏறியதும், திருஷ்டிக்குக் கட்டியதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது, உய்யக்கொண்டான் வாய்க்காலில் விட்டுவிடச் சொல் என்றார் அவர். "அது அண்ணி ரூம்ல இருக்கப் போகுது, பெரியப்பா" என்று தம்பி மனைவி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நிமிர்த்தி மாட்டவா, சாய்த்து மாட்டவா என்று பிறகு என்னைக் கேட்டாள். ஒரே ஆணியில் விடு, அவளுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி இருக்கட்டும் என்றேன்.

பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, புது சமையலறையில் நானும் தம்பி மனைவியும் மட்டும் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து அவள் சிரித்த முகம் மாறவே இல்லை. "என்னை மட்டும் பொத்தினியே, நீ வாடி இங்க" என்று விளையாட்டாக அவள் வாயைக் கையால் மூடினேன்.

மூடிவிட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். சிரிப்பு முழுக்க வாயில்தான் இருந்தது. கண் இரண்டும் சிவந்து, இரவெல்லாம் தூங்காமல் பயந்து கிடந்த கண்ணாக இருந்தது. கையை எடுத்தேன்.

"கட்டிலுக்கு அடியில பை கட்டி வெச்சிருக்கீங்கள்ல. முந்தாநாளே பாத்துட்டேன்" என்றாள். "நீங்க போயிட்டா இந்த வீட்ல நான் யாருக்கு ரசம் வெக்கிறது அண்ணி?"

அன்று சாயங்காலம் அவளே திருவெறும்பூர் குவார்ட்டர்ஸுக்குப் போய், அந்த இரண்டு பையையும் ஆட்டோவில் கொண்டுவந்தாள். நான் கை நீட்டியும் கொடுக்காமல், இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.